டெனிஸ்டனின் அறுபத்தொன்று

2019 ஏப்ரல் 13 — 521
2021 ஒக்டோபர் 16 — 572
2022 மார்ச் 26 — 619
2022 நவம்பர் 19 — 705
2024 செப்டெம்பர் 28 — 792

இவை டொலர்கள் அல்ல. எங்கள் ஊர்களில் ஒருகாலத்தில் பந்தடித்த ஆறு மனிதர்களுக்கு கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் போட்ட புள்ளிகளின் கூட்டுத்தொகை. இந்த ஐந்தரை ஆண்டுகளில் அந்த ஆறு பேரில் ஒருவரும் மட்டையைக் கையால் தொட்டதில்லை. நான்கு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் அஜக்ஸில் முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலியில் இருக்கிறார். இன்னொருவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவர்களுடைய ஆட்டம் ஆண்டுக்கு ஆண்டு முன்னேறிக்கொண்டே போனது. கூட்டலில் பிழை கிடையாது, கூட்டியவன் நான். இருந்தும் இந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான். ஏன் என்று சொல்வதானால் மக்டலீனின் கதையைச் சொல்ல வேண்டும்.

மக்டலீன் 1962இல் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தவர். 1988இல் கனடாவுக்கு வந்து, மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் சமையற்கூடம் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் மாலை வேலை செய்தார். அங்கே மேற்பார்வையாளர் கோடை முழுவதும் வானொலியில் பேஸ்போல் வர்ணனை வைத்துவிடுவார். மற்றவர்களுக்கு அது தலைவலி. மக்டலீன் மட்டும் ஒரு மாதத்தில் அதைப் பிடித்துக்கொண்டார். ஊரில் அவர் பதினாறு வயதிலிருந்து பங்குக் கோயில் இளைஞர் அணியின் எல்லே ஆட்டங்களுக்குப் புள்ளி எழுதியவர். மூங்கில் கம்பால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடும் அந்த ஆட்டம் பேஸ்போலுக்குத் தூரத்துச் சொந்தம். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி போடுகிற ஆட்டம் ஒன்று இந்த நாட்டிலும் இருக்கிறது என்று கண்டதும், இங்கே தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று நினைத்ததாக ஒருமுறை என்னிடம் சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு, மோர்னிங்சைடில் தான் இருக்கும் கட்டடத்தின் பொது அறையில் ஒரு லீக் தொடங்கினார். ஆறு அணிகள், அணிக்கு ஒருவர்; நான் அணி இல்லாமல் கணக்கு மட்டும் எழுதுபவன். ஆட்டக்காரர்கள் அட்டைகள். பழைய புள்ளிவிபரப் புத்தகங்களிலிருந்து எடுத்து, ஓர் ஆட்டக்காரரின் ஓர் ஆண்டை ஓர் அட்டையில் தன் கையாலேயே எழுதுவார். இரண்டு பகடைகளை உருட்டி, விழுகிற எண்ணை அடிப்பவரின் அட்டையிலும் எறிபவரின் அட்டையிலும் பார்த்தால் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன் எறிந்தவரும் நேற்று ஓய்வு பெற்றவரும் ஒரே மேசையில் மோதுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 1930இல் எல்லாரும் அடித்தார்கள். 1968இல் ஒருவராலும் அடிக்க முடியவில்லை. வெறும் எண்களை வைத்து இரண்டு பேரையும் மோதவிட்டால் அது அநியாயம். ஆகவே ஒவ்வொருவரையும் அவரவர் ஆண்டின் நடுத்தர ஆட்டக்காரரோடு மக்டலீன் ஒப்பிடுவார். நடுத்தர ஆளுக்கு நூறு. நூற்று முப்பது என்றால் நல்ல கெட்டிக்காரன். எழுபது என்றால் கடைசியாக இறங்க வேண்டியவன். இந்த நூறு என்ற எண்தான் அவருடைய லீக்கின் முதுகெலும்பு. ஆட்டக்காரர்களை நாங்கள் பெயரால் அழைப்பதில்லை, ஆண்டால்தான் அழைப்போம்.

"அக்கா, உங்கட அறுபத்தெட்டை மாத்துங்கோ. எறிஞ்சு கை களைச்சுப் போச்சு," என்பார் இரத்தினவேல். ஸ்காபரோவில் வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர், மேடைக் கவிஞர்.

"அட்டைக்கு எங்க கை? நீர் உம்மட முப்பதை ஒழுங்கா ஓட விடும்," என்பார் மக்டலீன்.

இரண்டு ஆண்டுகள் அப்படியே போயின. என் எழுபது வயதுக்குப் பிறகு நான் சிரித்த சிரிப்பில் பாதி அந்த அறையில்தான். 2019இல், அணிக்கு ஒருவராக ஊர் ஆட்டக்காரர்களையும் சேர்க்கலாம் என்று பஸ்ரியன் கேட்டார். 401 நெடுஞ்சாலையில் லொறி ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். மக்டலீன் யோசித்துவிட்டு ஒரு விதியோடு சம்மதித்தார். அந்த ஆள் விளையாடியதை நேரில் பார்த்த இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். அதே மைதானத்தில், அதே காலத்தில் விளையாடிய மற்றவர்களோடு ஒப்பிட்டு எண் போட வேண்டும்.

எண்கள் நேர்மையாகவே வந்தன. வீடு விற்கும் முகவர் நீக்கிலாப்பிள்ளையின் தகப்பனாருக்கு 88. இரத்தினவேலின் மாமாவுக்கு 104. பஸ்ரியனின் அண்ணனுக்கு 97. அஜக்ஸிலிருந்து ரயிலில் வருகிற நண்பரின் சித்தப்பாவுக்கு 92. மிசிசாகாவில் கணினி வேலை செய்யும் ஷாமிலா என்ற பிள்ளை, முதியோர் இல்லத்தில் இருக்கும் தன் அப்பப்பாவிடமே கேட்டு 79 என்று எழுதிக்கொண்டு வந்தாள். மக்டலீன் தன் தமையன் டெனிஸ்டனுக்கு 61 போட்டார்.

"அக்கா, சொந்தத் தமையன். ஒரு எண்பதாவது போடுங்கோவன்," என்றார் இரத்தினவேல்.

"எண்பது போட்டா அது ஆர்?" என்று கேட்டார் மக்டலீன். "ஆறு வருசம் நான்தான் எழுதினனான். உயரப் பந்து வந்தா அண்ணைக்குக் கண் மூடிப்போடும். ஓட்டம் மட்டும் நல்லம். குதிரை மாதிரி ஓடுவார். ஆனா ஓடுறதுக்கு முதல் பந்தில கம்பு படவேணுமே."

டெனிஸ்டன் 1987 பெப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை, வள்ளத்தில் கடலுக்குப் போனவர். திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை. இறந்தார் என்று சொல்ல ஒரு பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. பாசையூரில் இன்னமும் இருக்கும் தாயார், இன்றுவரை அவருடைய ஆன்மாவுக்கென்று ஒரு பூசை ஒப்புக்கொடுத்ததில்லை. காணாமற்போனவனுக்கு எப்படிக் கொடுப்பது என்பது அவருடைய கேள்வி. இதை லீக்கில் இருந்த எல்லாரும் அறிவோம். மக்டலீன் ஒரே ஒரு தடவை சொன்னார், பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்த ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை, கடைசிச் சுற்றில் மக்டலீனின் அணி ஓர் ஓட்டம் பின்னால் நின்றது. அடிக்க இருந்தது டெனிஸ்டன். எதிரே நீக்கிலாப்பிள்ளையின் 1911, யாராலும் தொட முடியாத எறிகாரர். மக்டலீன் உருட்டினார். இரண்டு பகடையிலும் ஆறு. அறுபத்தொன்றுக்காரன் அடிக்கக்கூடிய ஒரே எண் அதுதான். பந்து எல்லைக் கம்பிவரை போனது, முன்னால் நின்ற இரண்டு பேரும் ஓடி முடித்தார்கள், அணி வென்றது. மக்டலீன் அட்டையைப் பார்த்தபடி, "ஓடுங்கோ அண்ணை," என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு எழுந்து போய் எல்லாருக்கும் பால் விடாத பிளேன்ரீ ஊற்றினார். நீக்கிலாப்பிள்ளைகூடத் தோற்ற கோபம் இல்லாமல் கைதட்டினார். அந்த நாள் அவரும் நல்ல மனிதராகத்தான் இருந்தார்.

2021இல் நீக்கிலாப்பிள்ளையின் தகப்பனார் காலமானார். எங்களிடையே முப்பத்தோராம் நாள் இறந்தவருக்கு ஒரு நினைவுப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். முன் அட்டையில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, புலம்பல் பாட்டு, பின் பக்கத்தில் அச்சகத்தின் தொலைபேசி இலக்கம். ரொறன்ரோவில் என் அலுமாரியில் இருநூற்றுக்கு மேல் இருக்கின்றன. அவற்றுள் ஒரு சோம்பேறியைக்கூட நான் சந்தித்ததில்லை. கடன் திருப்பிக் கொடுக்காதவர் கொடைவள்ளல், மனைவிக்கு அடித்தவர் குடும்ப விளக்கு. துக்க வீட்டில் அப்படித்தான் எழுதுவார்கள், யாரும் அதை ஆதாரமாக எடுப்பதில்லை என்றுதான் நானும் இருந்தேன்.

நீக்கிலாப்பிள்ளை அந்தப் புத்தகத்தை லீக்குக்குக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"அக்கா, பதினோராம் பக்கம். 'வடபகுதி காணாத அடிவீரன்' எண்டு அச்சில கிடக்குது. எண்பத்தெட்டு எப்பிடிக் காணும்?"

"தம்பி, அதே பக்கத்தில வொலிபோல், கரம், நீச்சல், நாடகம் எல்லாத்திலயும் அவர்தான் முதலெண்டும் கிடக்குது," என்றார் மக்டலீன். "அந்த எண்பத்தெட்டுக்குச் சாட்சி சொன்ன ரெண்டு பேரில நீரும் ஒரு ஆள்."

"அப்ப அப்பா உயிரோட இருந்தவர்."

ஒரு வளர்ந்த மனிதர் வெட்கமில்லாமல் அப்படிச் சொன்னார். வாக்கெடுப்பு நடந்தது. நான்கு பேர் ஆம், மக்டலீனும் ஷாமிலாவும் இல்லை. 88 என்பது 139 ஆனது. அன்றைக்கே லீக்குக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், போசகர் என்று பதவிகளும் முளைத்தன. ஆறு பேர் இருக்கிற இடத்தில் நான்கு பதவி. தலைவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு வழி திறந்துவிட்டது. இரத்தினவேலின் மாமா இறந்தபோது கல்வெட்டைப் பாடியவர் இரத்தினவேலே. தான் எழுதிய பாட்டைத் தானே ஆதாரமாகக் காட்டி 104ஐ 151 ஆக்கினார். பஸ்ரியனும் அஜக்ஸ் நண்பரும் பழைய பெட்டிகளைக் கிளறி, என்றோ அச்சான கல்வெட்டுகளைக் கொண்டுவந்தார்கள். 97 என்பது 135, 92 என்பது 140. அமைதியான பஸ்ரியன்கூட அப்படிச் செய்தது எனக்கு அருவருப்பாக இருந்தது.

"உங்கட அப்பப்பா மட்டும் எழுபத்தொன்பதிலேயே நிக்கிறார் பிள்ளை," என்று நீக்கிலாப்பிள்ளை ஷாமிலாவிடம் இரங்கினார்.

"அவர் இன்னும் உயிரோட இருக்கிறார் அங்கிள். அதுதான் பிரச்சினை."

எல்லாரும் சிரித்தார்கள். தங்களைத்தான் சொல்கிறாள் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நடுத்தர ஆளே இல்லாத இடத்தில் நூறு என்ற எண்ணுக்குப் பொருள் ஏது? எறிகாரர்களெல்லாம் அடி வாங்கினார்கள். 1911 அழுகிற நிலைக்கு வந்தது. நீக்கிலாப்பிள்ளையின் மகன் எல்லாவற்றையும் ஓர் இணையத்தளத்தில் போட்டுவிட்டான். பகடை உருட்ட வேண்டியதில்லை, பொத்தானை அமத்தினால் ஒரு பருவம் முழுவதும் முடிந்துவிடும். மக்டலீன் மட்டும் தன் பக்கத்து ஆட்டங்களைப் பகடையால் உருட்டி, 61ஐக் கடைசியில் இறக்கித் தோற்றுக்கொண்டிருந்தார். ஏன் விலகவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "இஞ்ச மட்டும்தான் அண்ணை விளையாடுறார்," என்றார்.

2024 செப்டெம்பர் 28ஆம் திகதி லீக்கின் ஆண்டுவிழா. கட்டடத்தின் பொது அறை போதாது என்று ஓர் உணவகத்தின் மேல்மாடி மண்டபம். பிரதம விருந்தினராக ஒரு வீட்டுக்கடன் முகவர். பேஸ்போலை ஒருநாளும் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் பேசினார். பிறகு மக்டலீனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். நீக்கிலாப்பிள்ளை ஒலிவாங்கியை எடுத்தார்.

"எங்கட லீக்கின்ர தாய்க்கு நாங்கள் ஒரு கடமை செய்யாமல் விட்டிட்டம். எல்லாற்ற ஆக்களுக்கும் கல்வெட்டு இருக்கு, அவவின்ர தமையனுக்கு மட்டும் இல்லை. அந்தக் குறையை இண்டைக்குத் தீர்த்து வைக்கிறம்."

பெட்டியைத் திறந்து புத்தகங்களை விநியோகித்தார்கள். அச்சிட்டது நூறு பிரதிகள். 'அமரர் டெனிஸ்டன் நினைவு மலர்'. படம் கிடைக்கவில்லை என்பதால் நீக்கிலாப்பிள்ளையின் மகன் மக்டலீனின் முகத்தைக் கணினிக்குக் கொடுத்து ஓர் ஆண் முகம் செய்திருந்தான். வெள்ளை நிறம், அடர்ந்த மீசை, தலையில் பேஸ்போல் தொப்பி. பெற்றோர் பெயர் தெரியாததால் 'பெற்றோரின் செல்வப் புதல்வன்' என்று பூசி மெழுகியிருந்தார்கள். மக்டலீனுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க வேண்டுமே, கேட்டால் தெரிந்துவிடும். காணாமற்போன நாளையே இறந்த நாளாக வைத்து, கத்தோலிக்கரான அவருக்கு இரத்தினவேல் மாதம், பட்சம், திதி எல்லாம் அடக்கி ஒரு திதி வெண்பாவும் பாடியிருந்தார். வெண்பாவில் தளை தட்டவில்லை. ஆள் இறந்தாரா என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை. நான்காம் பக்கத்தில், 'இவர் அடித்த பந்து கடலில் விழும்' என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் புதிய எண்: 148.

மண்டபம் கைதட்டியது. என் மேசையில் ஒருவர் புத்தகத்தை மடித்து அதன்மேல் ரோல்ஸ் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். மீசை முகத்தில் எண்ணெய் ஊறியது.

மக்டலீன் முழுவதையும் வாசித்தார். பொன்னாடையைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, நாற்காலியில் வைத்தார்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

நீக்கிலாப்பிள்ளை சிரித்தார். "அக்கா, முப்பத்தேழு வருசம்..."

"எனக்கு எண்ணத் தெரியும் தம்பி. ஆர் செத்ததெண்டு கேட்டனான். நீர் பாத்தனீரோ? அம்மா இன்னும் சொல்லேல்லை. நீர் ஆர் சொல்ல?"

"உங்களுக்குச் சந்தோசமா இருக்குமெண்டு... நூற்றி நாப்பத்தெட்டு அக்கா!"

"அறுபத்தொண்டு அடிச்சா அது அண்ணை அடிச்சது. நூற்றி நாப்பத்தெட்டு அடிச்சா அது நீங்கள் அடிச்சது. எனக்கு அவரைத் தாங்கோ."

பிறகு மேடையை விட்டு இறங்கி, மேசை மேசையாகப் போய்ப் புத்தகங்களைத் திருப்பி வாங்கத் தொடங்கினார். ஷாமிலா அடுத்த பக்கத்திலிருந்து சேர்த்தாள். சிலர் கொடுத்தார்கள், சிலர் ஒரு நல்ல காரியத்தைக் கெடுக்கிறார் என்று முணுமுணுத்தார்கள். ரோல்ஸ்காரர் கை துடைத்துவிட்டுக் கொடுத்தார். பெட்டிக்குள் தொண்ணூறு வந்தது.

"மிச்சம் பத்து?"

நீக்கிலாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "ஊருக்கு அனுப்பினனான் அக்கா. போன கிழமை. பாசையூர்ப் பங்குக் கோயிலுக்கு. உங்கட ஆக்கள் பாத்தாச் சந்தோசப்படுவினமெண்டு."

மக்டலீன் பெட்டியை மூடினார். தொண்ணூறு வயதுத் தாய், முப்பத்தேழு ஆண்டாக வாசலில் விளக்கை அணைக்காதவர், மகன் இறந்தான் என்பதை ஒரு வீடு விற்கும் முகவரின் அச்சடித்த தாளில் வாசிக்கப் போகிறார். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கையை ஓங்கியிருப்பார்கள். மக்டலீன், "நான் வீட்டை போகவேணும்," என்று மட்டும் சொன்னார்.

தாயோடு இருப்பது தங்கை ஸ்ரெல்லா. அவரிடம் கைத்தொலைபேசி கிடையாது. வீட்டுத் தொலைபேசி தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில். மக்டலீன் அழைப்பு எடுத்து, புத்தகம் வந்ததா என்று கேட்டதற்கு, "ஓம்," என்று மட்டும் சொன்ன ஸ்ரெல்லா, குரலைத் தாழ்த்தி, "இப்ப கதைக்கேலாது, எழுதுறன்," என்று வைத்துவிட்டார். பின்னணியில் தாயின் குரல் கேட்டதாம். அழுகையா, செபமா என்று மக்டலீனால் பிரித்தறிய முடியவில்லை. அதற்குப் பிறகு அழைத்தபோதெல்லாம் ஸ்ரெல்லா வேறு எதையோ கதைத்தார். தாயிடம் நேரே கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை.

எண்ணைத் திருத்தும்படி கமிட்டிக்கு எழுதினார். மறைந்த வீரரின் எண்ணைக் குறைப்பது அவரை அவமதிப்பதாகும் என்பதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று செயலாளர் இரத்தினவேல் பதில் போட்டார். மக்டலீன் அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு விலகினார். ஷாமிலாவும் நானும் அவரோடு போனோம். சனிக்கிழமைகளில் மூன்று பேர், இரண்டு பகடை. டெனிஸ்டன் 61இல் இறங்கினார்; இறங்கிய ஒவ்வொரு முறையும் வெளியேறினார். மக்டலீன் உருட்டினார், எழுதினார், ஆனால் வாய்க்குள் எதுவும் சொல்லவில்லை. நவம்பரில் தபால்காரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. டிசெம்பர் நடுப்பகுதிவரை கட்டடத்தின் தபால்பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. மக்டலீன் அப்போதும் நாளுக்கு ஒரு தடவை கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

கடைசியில் வந்த உறை தடிப்பாக இருந்தது. உள்ளே ஒரு கல்வெட்டும் இரண்டு தாளில் ஸ்ரெல்லாவின் கடிதமும். ஷாமிலாவையும் என்னையும் இருக்கச் சொல்லிவிட்டு மக்டலீன் சத்தமாக வாசித்தார்.

"நான் சந்தைக்குப் போன நேரம், கோயில் பெட்டையள் கொண்டந்து குடுத்திட்டுதுகள். வந்து பாத்தா அம்மா கண்ணாடி போட்டு முழுக்க வாசிச்சு முடிச்சிட்டா. எனக்குக் கை கால் ஓடேல்லை. அம்மா சொல்லுறா, பார் பிள்ளை, எங்கட பிள்ளையின்ர பேரிலயே, அவன் போன அதே நாளிலயே, இன்னொரு பிள்ளையும் கடலில போயிருக்குது, பாவம், ஆர் பெத்ததோ. பந்தடியில பெரிய சூரனாம், அடிச்சாப் பந்து கடலில போய் விழுமாம். எங்கட மூதேவிக்குப் பந்து எங்கால வருதெண்டே தெரியாது, இப்பிடி ஒரு வரி ஆரும் எழுதுவினமோ எண்டு சொல்லிச் சிரிக்கிறா. படத்தையும் பாத்தவ. நல்ல வடிவான பிள்ளை, எங்கட சாயலே இல்லை எண்டவ. நான் ஒண்டும் சொல்லேல்லை. இப்ப அந்தப் பிள்ளைக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கச் சொல்லிக் கரைச்சல் குடுக்கிறா. குடுக்கிறதோ விடுறதோ, நீ சொல்லு."

மக்டலீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீக்கிலாப்பிள்ளை கூட்டத்தார் பொய்யைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருந்தால் தாய் நம்பியிருப்பார். அந்த அளவுக்குக்கூட அவர்களுக்கு நிதானம் இருக்கவில்லை. அதற்காக அவர்களை மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அந்த இணையத்தளத்தில் அந்த மீசைக்காரன் பந்துகளைக் கடலுக்குள் அடித்துக்கொண்டிருக்கிறான்.

"என்ன அக்கா சொல்லப் போறீங்கள்?" என்று ஷாமிலா கேட்டாள்.

"பூசையைக் குடுக்கச் சொல்லப்போறன். அந்த நூற்றி நாப்பத்தெட்டுக்கு." மக்டலீன் பெட்டியிலிருந்து தமையனின் அட்டையை எடுத்து மேசையில் வைத்து, பகடையைக் கையில் எடுத்தார். "இஞ்ச, ஆர் எறியிறது?"

ஸ்ரெல்லாவின் கடிதம் வந்த திகதி: 2025 ஜனவரி 9, வியாழக்கிழமை.